ஃப்யூயல் பம்ப் மாற்றிய பதிவு: பாதிக் கோளாறு வயரில் இருந்தது

வண்டி சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்தால், செல்ஃப் நெடுநேரம் அடித்த பிறகுதான் ஸ்டார்ட் ஆகும். காலையில் அந்தத் தொந்தரவே இருக்காது. மேடு ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் இழுவை செத்துப்போய்த் திக்கித் திக்கிப் போகும். காலைக் கொஞ்சம் தூக்கினால் சரியாகிவிடும். டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்கினால் பின் சீட்டுக்கு அடியிலிருந்து மெல்லிய ஊளைச் சத்தம் வேறு. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் யாரும் ஃப்யூயல் பம்ப்பைத்தான் சொல்வார்கள். நானும் அதைத்தான் சந்தேகித்தேன். சந்தேகம் தப்பில்லை. ஆனால் பம்ப்பை மட்டும் மாற்றி மூடியிருந்தால் புதுப் பம்ப்பும் சீக்கிரமே கெட்டிருக்கும். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

வண்டி பழைய நாலு சிலிண்டர் பெட்ரோல் கார், பெட்ரோலைப் பிரஷரில் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வகை. பம்ப் டேங்குக்கு உள்ளே, பெட்ரோலில் மூழ்கியபடி இருக்கும். பின் சீட்டைத் தூக்கினால் ஒரு மூடி, அதற்குக் கீழே டேங்கின் வாய். பிரஷரை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டரும் பம்ப் இருக்கும் அதே அசெம்பிளியில்தான். கார்புரேட்டர் வண்டிகளில் எஞ்சின் ஓரத்தில் மாட்டியிருக்கும் மெக்கானிக்கல் பம்ப் வேறு சமாச்சாரம். இங்கே எழுதியிருப்பது அதற்குப் பொருந்தாது.

முதலில் காசு செலவாகாத சோதனைகள். ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஹார்ன் ரிலேயும் பம்ப் ரிலேயும் (கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் மின் சுவிட்சுகள்) ஒரே நம்பர் என்பதால் இடம் மாற்றிப் போட்டேன். வித்தியாசம் ஏதும் இல்லை. சாவியை ஆன் செய்ததும் பம்ப் இரண்டு மூன்று வினாடி ஓடி நின்றது. பெட்ரோல் ஊற்றும் வாயில் காதை வைத்தால் தெளிவாகவே கேட்டது. இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு "பம்ப் ஓடுது, அது நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. ஓடுவது வேறு, பிரஷர் கொடுப்பது வேறு. வண்டிக்கு அடியில் இருந்த பெட்ரோல் ஃபில்டர் எப்படியும் மாற்ற வேண்டிய வயதில் இருந்ததால் அதை மாற்றினேன். அறிகுறிகள் அப்படியே இருந்தன.

அடுத்து பிரஷர் கேஜ். சில வண்டிகளில், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் ஃப்யூயல் ரெயிலிலேயே டயர் வால்வு மாதிரி ஒரு சோதனை வாய் இருக்கும். இதில் இல்லை. எஞ்சினுக்கு வரும் லைனில் T வடிவ இணைப்பு (டீ) ஒன்றைப் போட்டு கேஜை மாட்டினேன். இந்த எஞ்சினுக்கு வேண்டிய பிரஷர் 3 பார். ஐட்லிங்கில் 2.1 காட்டியது. தம்பி உள்ளே உட்கார்ந்து ரேஸ் கொடுக்க, முள் 1.5 வரை இறங்கியது. எஞ்சினை நிறுத்தியதும் முள் நிற்காமல் இறங்கி, சில நிமிடத்தில் பூஜ்யத்துக்கே வந்துவிட்டது. சூட்டில் ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் இதுதான். பம்ப்பில் இருக்கும் செக் வால்வு லைனில் பிரஷரைப் பிடித்து வைக்க வேண்டும். அது கசிந்தால் சூடான ரெயிலில் பெட்ரோல் ஆவியாகிவிடும். அந்த ஆவி வெளியேறித் திரவம் வந்து சேரும்வரை செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பம்ப் பலவீனம் என்பது உறுதி. இங்கேயே பம்ப்பை வாங்கப் போயிருக்கலாம். ஆனால் பம்ப்புக்குப் போதுமான கரண்ட் போகிறதா என்று இன்னும் பார்க்கவில்லை. சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, கனெக்டரைப் பிடுங்கி மல்டிமீட்டரை வைத்தேன். தம்பி சாவியைப் போட்டதும் 12.2 வோல்ட். பேட்டரியிலும் அதே அளவு. சரி, வயரில் குறை இல்லை என்று தோன்றியது.

அந்த 12.2ஐ நம்பக் கூடாது. கனெக்டரைப் பிடுங்கிவிட்டால் அந்த வயரில் கரண்ட் ஓடுவதில்லை. கரண்ட் ஓடாத வயரில், ஒற்றை இழை மட்டும் மிச்சம் இருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டேஜையும் காட்டிவிடும். கனெக்டரை மறுபடி சொருகி, வயர் நுழையும் பின்பக்கத்தில் மெல்லிய ஊசி முனைகளை விட்டு, பம்ப் ஓடும்போதே அளந்தேன். 9.8 வோல்ட்! பேட்டரிக்கும் பம்ப்புக்கும் நடுவில் 2.4 வோல்ட் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

எங்கே என்று கண்டுபிடிப்பது சுலபம். பேட்டரி மைனஸில் ஒரு முனை, பம்ப்பின் எர்த் வயரில் இன்னொரு முனை. பம்ப் ஓடும்போது 1.1 வோல்ட். இது கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும். மீதி 1.3 பிளஸ் பக்கத்தில். கனெக்டரின் வயர்ப் பக்கத்துக்கும் பம்ப் பக்கத்துக்கும் நடுவில் அளந்தபோது அதில் பெரும்பகுதி அங்கேயே சிக்கியது.

கனெக்டரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பிளஸ் துளையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரத்தில் சின்னக் கொப்புளம் ஒன்று எழும்பியிருந்தது. உள்ளே இருந்த டெர்மினலின் இரண்டு உதடுகளும் விரிந்து, பின்னை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் தன்மையே போய்விட்டது. பக்கத்து எர்த் துளை புதுசு போலப் பளிச்சென்று இருந்தது. கையால் சொருகும்போது 'டக்' என்று பூட்டிக்கொண்டதால் வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. எர்த் கோளாறு இருந்தது வேறொரு இடத்தில். கதவோரத் தரை பீடிங்குக்குக் கீழே பாடியில் முறுக்கியிருந்த போல்ட் துருப்பிடித்து, ரிங் டெர்மினலில் பச்சை பூத்திருந்தது.

எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதையும் பார்த்தேன். ரிலேயைப் பிடுங்கிவிட்டு அதன் சாக்கெட்டில் 30, 87 என்று எண்ணிட்ட, ரிலே ஒன்று சேர்க்கும் இரண்டு துளைகளுக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்தால் பம்ப் ஓடும், ஆம்பியரும் தெரிந்துவிடும். ஒரே அசைவில் இரண்டு வேலை. 7 ஆம்பியருக்கு மேல் இழுத்தது. தேய்ந்த பம்ப் அதிகக் கரண்ட் கேட்கிறது. அதிகக் கரண்ட் தளர்ந்த டெர்மினலைச் சூடாக்குகிறது. சூட்டில் டெர்மினல் மேலும் தளர்கிறது. எது முதலில் கெட்டது என்று இப்போது சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டே போயிருக்கின்றன.

எனவே வயர் வேலை முதலில், பம்ப் அப்புறம். இந்த வரிசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. வயரை நசுக்கி இணைத்து (கிரிம்ப்), சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடாக்கும் வேலையைத் திறந்த டேங்குக்குப் பக்கத்தில் செய்யவே கூடாது. டேங்க் மூடியிருக்கும்போதே பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, வயர்க் கொத்தை முடிந்தவரை கதவுப் பக்கம் இழுத்து, வயரோடு வரும் புதுக் கனெக்டர் ஒன்றை இணைத்தேன். பழைய வயரை விடத் தடிமன் குறையாத வயராகப் பார்த்து வாங்கினேன். இரண்டு இணைப்பும் ஒரே இடத்தில் வந்து புடைக்காமல் இரண்டு விரல்கடை தள்ளித் தள்ளி வெட்டினேன். டேங்கின் மூடியில் இருக்கும் ஆண் பின்கள் லேசாகக் கறுத்திருந்தன. கண்ணாடி இழைப் பேனாவால் தேய்த்ததும் உலோகம் தெரிந்தது. அந்தப் பின்களைச் சுற்றி பிளாஸ்டிக் உருகியிருந்தால் முழு அசெம்பிளியையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. எர்த் போல்ட்டைக் கழற்றி, பாடியை வெறும் உலோகம் தெரியும் வரை உப்புத்தாளால் தேய்த்து, புது ரிங் டெர்மினல் போட்டு முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசினேன்.

பேட்டரியை மாட்டி மறுபடி அளந்தேன். பழைய பம்ப்புடனேயே ஐட்லிங்கில் 2.5 பார். வயர் வேலை மட்டுமே 0.4 பாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அத்தோடு விட்டிருந்தால் வண்டி கொஞ்ச நாளைக்கு ஓடியும் இருக்கும். ஆனால் எஞ்சின் நின்றதும் முள் இறங்குவது நிற்கவில்லை. செக் வால்வு போனது போனதுதான்.

பம்ப் வாங்கும்போது இரண்டு வழி. முழு அசெம்பிளி வாங்கினால் பெட்ரோல் அளவு காட்டும் மிதவை, ரெகுலேட்டர், மூடி எல்லாம் புதிதாக வரும். விலை பல மடங்கு. பம்ப் மோட்டாரை மட்டும் வாங்கினால் மலிவு. ஆனால் ஹோஸ், கிளிப், ஓ-ரிங், ஸ்ட்ரெய்னர் (பம்ப் வாயில் மாட்டும் வடிகட்டும் வலை) எல்லாவற்றையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். நான் இரண்டாவது வழியில் போனேன். பழைய பம்ப்பின் விட்டம், நீளம், வாயின் பருமன் மூன்றும் புதியதில் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். எந்த பிரஷருக்கானது என்பது அதைவிட முக்கியம். கார்புரேட்டருக்கான மின் பம்ப்புகள் தருவது 0.2, 0.3 பார் அளவுதான். அவை இன்ஜெக்ஷனுக்கு உதவாது.

இனி டேங்கைத் திறக்கும் கட்டம். இங்கே அவசரப்படக் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பெட்ரோல் பூஜ்யத்துக்கு 40 டிகிரி செல்சியஸ் கீழே இருந்தாலும் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடக்கூடியது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து தாழ்ந்த இடத்தில் தேங்கும். அதனால் மூடிய ஷெட்டில் செய்யவில்லை. திறந்த வெளி, நான்கு கதவும் திறப்பு, பவுடர் வகைத் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில். வெளிச்சத்துக்குச் சீல் செய்த எல்இடி டார்ச். வயர் பல்பு கிடையாது. கைக்கு நைட்ரைல் கையுறை. செல்போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன்.

டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. அதை வெளியேற்றப் பழைய பம்ப்பையே பயன்படுத்தினேன். டீயிலிருந்து ஒரு ஹோஸைப் பெட்ரோலுக்கான கேனுக்கு விட்டு, ரிலே சாக்கெட்டில் ஃபியூஸ் வைத்த துண்டு வயரால் 30ஐயும் 87ஐயும் இணைத்தேன். கேன் தரையில் இருக்க வேண்டும்; டிக்கியிலோ சீட்டிலோ வைத்து நிரப்பினால் நிலைமின்சாரப் பொறி வரும் ஆபத்து உண்டு. அப்படியே ஓட்டத்தையும் அளந்தேன். 30 வினாடியில் 400 மில்லிக்குக் கொஞ்சம் மேல். கால்வாசிக்குக் கீழே இறங்கியதும் நிறுத்திவிட்டேன்.

பிறகு ரிலே இல்லாமல் எஞ்சினை ஓடவிட்டு, அது தானாக அணையும் வரை காத்திருந்து, இன்னும் ஒரு முறை செல்ஃப் அடித்தேன். லைனில் பிரஷர் இறங்கியது. பேட்டரி மைனஸ் கழற்றல். டேங்க் மேலே படிந்திருந்த மண்ணைப் பிரஷ்ஷாலும் ஈரத்துணியாலும் துடைத்தேன். வாக்குவம் கிளீனரை இந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம்; அதன் மோட்டாரில் பொறி பறக்கும்.

லைன் கனெக்டர்கள் பிளாஸ்டிக். வயதான பிளாஸ்டிக் நொறுங்கும். ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பாமல், இடுக்கில் இருந்த மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, துணியைச் சுற்றிக்கொண்டு, முதலில் உள்ளே தள்ளி, காதுகளை அமுக்கி, பிறகு இழுத்தேன். வந்துவிட்டது.

அதிக நேரம் பிடித்தது, அசெம்பிளியை டேங்க் வாயில் பூட்டி வைக்கும் லாக் ரிங்தான். உலோக வளையம், விளிம்பெல்லாம் துரு. துருவிளக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். இரும்பு உளியால் அடித்தால் பொறி வரும் என்பதால் 12 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. ஒரே காதில் அடித்துக்கொண்டிருந்தால் வளையம் கோணிப்போகும். ஒரு காதில் இரண்டு தட்டு, எதிர்க் காதில் இரண்டு தட்டு என்று மாற்றி மாற்றித் தட்டினேன். "இன்னும் பலமா அடிண்ணா" என்று தம்பி சொல்லிக்கொண்டே இருந்தான். பலம் வேண்டியதில்லை, பொறுமை போதும். மயிரிழை அளவு நகர்ந்த பிறகு மீதி தானாக வந்தது. கழற்றும் முன்பே மூடிக்கும் டேங்குக்கும் சேர்த்துப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தேன். மாட்டும்போது மிதவை சரியான பக்கம் திரும்பியிருக்க அந்தக் கோடு தேவை.

அசெம்பிளியைத் தூக்கும்போது சாய்த்துத் திருப்பித்தான் எடுக்க வேண்டும். மிதவைக் கம்பி விளிம்பில் மாட்டி வளைந்தால் பெட்ரோல் அளவு முள் பொய் சொல்லும். அடிக்கிண்ணத்தில் அரை லிட்டர் போலப் பெட்ரோல் தங்கியிருக்கும். டிரேயைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்ட்ரெய்னர் கறுப்பு. வெள்ளையாக இருந்த வலைதான் அது என்று நம்பவே முடியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் டேங்கின் அடியில் நைசான பழுப்பு வண்டலும் அங்கங்கே துருத் துகளும். மீதிப் பெட்ரோலைக் கைப்பம்ப்பால் உறிஞ்சி எடுத்துவிட்டு, நூல் உதிராத துணியால் எட்டிய இடமெல்லாம் துடைத்தேன். ஓரங்களில் காந்தம் ஓட்டித் துருவை எடுத்தேன். இதைச் செய்யாமல் புது ஸ்ட்ரெய்னரை இறக்கினால் முதல் வாரத்திலேயே அது பாதி அடைத்துக்கொள்ளும்.

பழைய பம்ப்பை ஹோல்டரிலிருந்து எடுப்பதில் சிரமம் நெளிநெளியான நைலான் ஹோஸில்தான். இழுத்தால் வராது. பிளேடால் நீளவாக்கில் மெதுவாகக் கீறினேன். உள்ளே இருக்கும் வாயில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் கசியும். புது ஹோஸ் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரணப் பெட்ரோல் ஹோஸ் உள்பக்கம் பெட்ரோலைத் தாங்கும், வெளிப்பக்கம் தாங்காது. டேங்குக்குள் மூழ்கிக் கிடக்க வேண்டியதற்கு எஸ்ஏஇ ஜே30ஆர்10 என்று அச்சிட்ட ஹோஸ் வேண்டும். ஒரு சாணுக்கும் குறைவாகத்தான் தேவை, ஆனால் சாதாரண ஹோஸைவிட விலை கணிசமாக அதிகம். இதில் சிக்கனம் பார்த்தால் ஹோஸ் ஊதிப் பிளந்து பம்ப் தரும் பிரஷர் எல்லாம் டேங்குக்குள்ளேயே கொட்டும். மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். கிளிப்பும் இன்ஜெக்ஷன் வகை, உள்விளிம்பு வழவழப்பாக இருப்பது. திருகுப் பல் வெட்டிய சாதாரண கிளிப் ஹோஸைக் கடித்துவிடும்.

பம்ப் தலையில் பிளஸ், மைனஸ் குறி இருக்கும். அதைப் பார்த்துத்தான் வயரை மாட்ட வேண்டும், வயர் நிறத்தை நம்பி அல்ல. மாற்றி மாட்டினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். சத்தம் வரும், பிரஷர் வராது. ரெகுலேட்டர் ஓ-ரிங்கும் டேங்க் வாயின் பெரிய சீலும் புதிது. பழைய சீல் பெட்ரோல் குடித்து ஊதி, வெளியே வந்த கொஞ்ச நேரத்திலேயே தன் பள்ளத்தில் உட்காராத அளவுக்குப் பெரிதாகிவிட்டது. அதைத் திருப்பிப் போடலாம் என்று நினைத்தாலும் முடியாது.

கோட்டுக்குக் கோடு சேர்த்து இறக்கி, லாக் ரிங்கைச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறுக்கினேன். வெளியே எடுத்த பெட்ரோலை வடிகட்டித் திரும்ப டேங்கில் ஊற்றி, கதவுகளை அப்படியே திறந்து வைத்து, நெடி அடங்கிய பிறகுதான் பேட்டரியை மாட்டினேன். உடனே செல்ஃப் அடிக்கவில்லை. சாவியைச் சில முறை ஆன், ஆஃப் செய்து லைனை நிரப்பினேன். ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளை டிஷ்யூ தாளால் ஒற்றி ஒற்றிப் பார்த்தேன். ஈரம் இல்லை.

ஐட்லிங்கில் 3.0 பார். ரேஸ் கொடுத்தாலும் முள் அசையவில்லை. நிறுத்தி அரை மணி நேரம் கழித்து 2.8. ஓடும் எஞ்சினில் பேட்டரியில் 14.1, பம்ப்பில் 13.7 வோல்ட். கரண்ட் 5 ஆம்பியருக்குள். கேஜைக் கழற்றி லைனைப் பூட்டும் முன் 30 வினாடி ஓட்டத்தையும் அளந்தேன். 800 மில்லியைத் தாண்டியது.

பழைய பம்ப்பை வெளியில் நன்றாகக் காயவைத்து, பொறி பறக்காத கை ரம்பத்தால் அறுத்துத் திறந்தேன். கார்பன் பிரஷ் இரண்டும் குட்டையாகிப் போயிருந்தன. பிரஷ்களிடமிருந்து கரண்டை வாங்கும் சுழலும் பகுதியான கம்யூட்டேட்டரில் பிரஷ் ஓடிய தடம் நகம் மாட்டும் ஆழத்துக்குப் பள்ளமாகியிருந்தது. கீழே பெட்ரோலைத் தள்ளும் பல்சக்கரத் தட்டின் இருபுறமும் வட்ட வட்டமாகக் கீறல்கள். டேங்கடியில் பார்த்த அதே துருத் துகள் ஸ்ட்ரெய்னரைத் தாண்டி வந்து செய்த வேலை. இந்தத் தட்டுக்கும் கூட்டுக்கும் இருக்கும் இடைவெளி மிகச் சின்னது; அது தேய்ந்து அகன்றால் பம்ப் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பிரஷர் ஏறாது. ரிசர்வ் வரை ஓட்டும் பழக்கமும் இதில் பங்கு வகித்திருக்கும். பம்ப்பைக் குளிர்விப்பது அதைச் சுற்றியும் அதன் வழியாகவும் போகும் பெட்ரோல்தான். பெட்ரோல் குறையக் குறைய சூடும் வண்டலும் அதிகம்.

அடுத்த முறை செய்தால் கேஜை முதலிலேயே எடுப்பேன். கேஜ், டீ, ஹோஸ் எல்லாம் சேர்த்தும் பம்ப் விலையில் பாதிகூட இல்லை. கனெக்டர், பெரிய சீல், ஜே30ஆர்10 ஹோஸ், கிளிப் எல்லாம் பம்ப்போடு சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்வேன். டேங்கைத் திறந்து போட்டுவிட்டுக் கடைக்கு ஓடும் நிலை வரக்கூடாது. பின் சீட்டுக்கு அடியில் மூடியே இல்லாத வண்டிகளும் உண்டு. அவற்றில் டேங்கையே கீழே இறக்க வேண்டும். அதற்குச் சரியான தாங்கிகளும் இன்னொரு அனுபவமுள்ள ஆளும் இல்லாமல் வீட்டில் தொடங்க வேண்டாம். தரைத் தகட்டை வெட்டி வழி செய்வது சிலர் சொல்லும் குறுக்குவழி. டேங்குக்கு மேல் கட்டிங் டிஸ்க் ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. துருத் துகள் எங்கிருந்து வந்தது என்று தேடியதில், பெட்ரோல் ஊற்றும் கழுத்துக் குழாயின் உள்பக்கம் பூச்சு உரிந்து பழுப்பேறியிருப்பது தெரிந்தது. புதுக் குழாய் சொல்லி வைத்திருக்கிறேன். அதை மாற்றும் அன்றே டேங்கை மறுபடி திறந்து, ஸ்ட்ரெய்னர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்காகவே இன்னொரு சீல் வாங்கி வைத்திருக்கிறேன்.